தட்டினா விட்டுடணும்

உங்க மணிக்கட்டை யாராவது பிடிச்சு முறுக்கியிருக்காங்களா? விளையாட்டுக்கு இல்ல, நிஜமா. அப்படி முறுக்கினவங்க, வலிக்குதுன்னு நீங்க சொன்னதும் விட்டுட்டாங்களா?

டயர் கடைக்கு மேல இருந்த ஹால்ல பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுத்தவளுக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் உயிர். எல்லாரும் அவளை மாஸ்டரக்கான்னு கூப்பிடுவாங்க. வகுப்புக்கு வர்றவங்க, இதுக்கு முன்னாடி ஒருத்தர் மேல கை வெச்சே பழகாதவங்க. பிடிச்சவன் விரலுக்கு மேல உங்க இன்னொரு கைய வெச்சு அழுத்துங்க, முழங்கைய வயித்தோட ஒட்டிக்குங்க, பிடிபட்ட கைய அவன் மணிக்கட்டுக்கு மேல சுத்திப் போடுங்க, அப்புறம் இடுப்பால திரும்புங்கன்னு சொல்லிக் குடுத்தா, திரும்புறதுக்கு முன்னாடியே "சாரி, சாரி"ம்பாங்க.

"முறுக்கிட்டு சாரி கேளுங்கம்மா. சாரி கேட்டுட்டு முறுக்கினா எவனும் நம்ப மாட்டான்"ம்பா மாஸ்டரக்கா.

ஆனா அவ வகுப்புல முதல் பாடம் முறுக்குறது இல்ல, விடுறது. மாட்டினவங்க, பிடிச்சவங்க உடம்புலயோ தரையிலயோ ரெண்டு தடவை தட்டினா, அந்த நொடியே விட்டுடணும். மூட்டு விஷயம். ஒரு நூல் கூடிப்போனா ஆயுசுக்கும் போச்சு. "மூளை யோசிக்கிறதுக்குள்ள கை விட்டிருக்கணும்"னு தினமும் சொல்லுவா. சொல்லிச் சொல்லி அவ தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

முறுக்கப் பழக ஒரு ஆள் வேணுமே. அதுக்கு அவளோட அண்ணன் வருவான். ஆளு நல்ல கனம், வாய் அதுக்கு மேல. "வாங்கம்மா, மேனேஜர் மேல இருக்கிற கோபத்தை எல்லாம் என் மேல காட்டுங்க"ன்னு கைய நீட்டுவான். ஒருத்தி லேசாத் தொட்டாலே தரையில தட்டிட்டு, "ஐயோ, போச்சு, என் உயிர் போச்சு"ன்னு விழுவான். அவனுக்கு பொம்மை சார்னே பேரு வெச்சுட்டாங்க.

அவன் பொண்டாட்டியும் அந்த வகுப்புலதான் இருந்தா. பார்லர்ல முடி வெட்டுறவ. "பொம்மை சார் மாதிரி புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்"னு ஒருத்தி அவகிட்டயே சொன்னா. அவ தன் மணிக்கட்டை மட்டும் நீவி விட்டுக்கிட்டா. அண்ணி எதுக்கு வகுப்புல சேர்ந்தாங்கன்னு மாஸ்டரக்கா கேக்கவே இல்ல. நாத்தனார் வகுப்பாச்சே, ஒரு ஆதரவுக்கு வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டா.

ஒரு நாள் தன் புருஷன் கைய முறுக்குற முறை அண்ணிக்கு வந்துச்சு. அண்ணி சாரி சொல்லல. விரலை அமுக்கினா, சுத்திப் போட்டா, திரும்பினா. அவன் தட்டினான். அவ விடல. மறுபடியும் தட்டினான். அவன் மூஞ்சில சிரிப்பு செத்துப்போச்சு, முட்டி தரையில விரிச்சிருந்த மேட்ல இடிச்சுது. மாஸ்டரக்கா ஓடிப்போய் அண்ணி விரலை ஒவ்வொண்ணா பிரிச்சா.

"என்ன அண்ணி இது! தட்டினது தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் விடல?"

அண்ணி மேட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. அண்ணன்தான் கைய உதறிக்கிட்டே சொன்னான்: "விடு, வீட்டு பாக்கியை இங்க தீர்த்துக்கறா." எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. மாஸ்டரக்காவும் சிரிச்சா.

அப்புறம் அந்த வாரம் முழுக்க, வகுப்பு முடிஞ்சதும் அண்ணியைத் தனியா நிறுத்தி விடுறதுக்கு மட்டும் பழக்கினா. அண்ணனே கை குடுத்தான். தட்டு, விடு. தட்டு, விடு. வாரக் கடைசியில அவன் விரல் பட்டாலே அண்ணி கை தானா திறந்துக்கிச்சு.

"இப்பதான் அண்ணி ஒழுங்கா வருது"ன்னா மாஸ்டரக்கா.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், அவ மேட் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது அண்ணி படியேறி வந்தா. வலது கைய பார்லர் டவல்ல சுத்தி, குழந்தையத் தூக்குற மாதிரி நெஞ்சோட வெச்சிருந்தா.

"எங்க அண்ணி விழுந்தீங்க?"

"விழல. உங்க அண்ணன் முறுக்க வந்தாரு. எப்பவும் போல."

எப்பவும் போல. மாஸ்டரக்கா கையில இருந்த துணி அப்படியே நின்னுபோச்சு.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான் பிடிச்சேன். சமையல்கட்டுல முட்டி போட்டுட்டாரு. பையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். நான் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தா அவரால எந்திரிச்சிருக்க முடியாது, நான் கதவைத் தாண்டியிருப்பேன்."

"அப்புறம்?"

"தட்டினாரு. சிரிச்சுக்கிட்டே தட்டினாரு, ரெண்டு தடவை. நான் விடலம்மா. கை விட்டுடுச்சு."

மாஸ்டரக்கா துணியைப் போட்டுட்டு அண்ணியைக் கீழ கூட்டிட்டுப் போனா. ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுல ஏறினதும் சொன்னா. "டாக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க அண்ணி. அவங்க போலீசுக்கு எழுதிடுவாங்க. அந்த வீட்டுக்கு இனிமே போக வேணாம், என் ரூமுக்கு வந்துடுங்க. நானும் கூட நின்னு சொல்றேன்."

"சொல்றேன்"னா அண்ணி.

ரெண்டு எலும்பு உடைஞ்சிருந்துச்சு. எக்ஸ்ரே வர்றதுக்குள்ள அண்ணன் வந்து சேர்ந்துட்டான், கையில ஜூஸ் பாட்டிலோட. "ஏம்மா, சொல்லிட்டு வரக் கூடாதா? தெருத் தெருவா தேடுறேன்"னு அண்ணி பக்கத்துல உக்கார்ந்தான். தங்கச்சி பக்கம் திரும்பி, குரலைக் குறைச்சான்.

"வகுப்புல அடிபட்டுச்சுன்னு சொல்லிடலாம். யாருக்கும் அசிங்கம் இல்ல."

"எனக்கு?"

"உனக்கென்னடி, வேற ஹால் கிடைக்காதா? கூடப் பிறந்தவனை ஜெயில்ல வெச்சுப் பார்க்கணுமா?"

டாக்டர் மூணு பேரையும் உள்ள கூப்பிட்டு, எப்படி ஆச்சுன்னு கேட்டாரு.

"இவன்தான் உடைச்சான். என் அண்ணன்தான்"னா மாஸ்டரக்கா. குரல் வெளிய வராண்டா வரைக்கும் கேட்டுச்சு.

டாக்டர் அண்ணியைப் பார்த்தாரு. "நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணி வாயத் திறந்தா. அண்ணன் கண்ணு கலங்கி இருந்துச்சு. மேசைக்குக் கீழ அவ முழங்கால்ல மெதுவா, ரெண்டு தடவை தட்டினான்.

"வகுப்புலதான் டாக்டர்"னா அண்ணி. "இவங்க வகுப்புல."

மறுநாள் காலையில வகுப்புக்கு வந்தவங்க எல்லாம் டயர் கடை வாசல்லயே நின்னாங்க. ஹால்காரர் இனிமே இங்க வகுப்பு வேணாம்னு மேட்டை எல்லாம் சுருட்டிப் படிக்கட்டுல வெச்சிருந்தாரு. பொம்மை சார் வந்து, அதை ஒவ்வொண்ணா தூக்கி வண்டியில ஏத்திக் குடுத்தாரு.