ஒச்சாண்டி வயிற்றுக் கிருமி

உத்தமபாளையம் சத்திரத்தில் காலரா பார்க்க வந்திருந்த சர்க்கார் லேபுக்காரர் ஞானதுரைக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? உலகத்தில் எவனும் பார்க்காத கிருமியை அல்லவா பார்த்துவிட்டார்!

அனுமந்தன்பட்டியில் வீட்டுக்கொரு தகர டப்பா கொடுத்து, வீட்டு ஆம்பிளையின் மலத்தை வாங்கி வர ஆள் விட்டிருந்தார். நல்லவேளை, ஒன்றிலும் காலரா இல்லை. ஆனால் ஒச்சாண்டி என்ற சம்சாரியின் டப்பாவில் வேறொன்று கிடந்தது. கயிறு திரித்தது போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நீள நீளமாய்க் கிருமிகள். காற்றுப் பட்டால் செத்துவிடும். மெழுகு ஊற்றிக் கண்ணாடிக் குழாயின் வாயை அடைத்தால்தான் வளரும். பால் சர்க்கரையைத் தின்னும், கரும்புச் சர்க்கரையைச் சீந்தாது. கையிலிருந்த புத்தகமெல்லாம் புரட்டியாச்சு, இந்த இனத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

எழுதிக் கேட்டதற்கு மதராஸ் பெரிய டாக்டர் பதில் போட்டார்: 'அதே ஆளிடம் மறுபடி எடு. வந்தால் புது இனம், பேர் நீயே வை. வராவிட்டால் உன் குழாயில் விழுந்த தூசி.'

ஒச்சாண்டிக்கோ தலைகால் புரியவில்லை. "வெள்ளைக்காரன் புஸ்தகத்துலயே இல்லாதது எம் வயித்துல இருக்காம்லே!" என்று காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து அளந்து தள்ளினார். இந்தத் தடவை ஞானதுரையே காத்திருந்து, அவர் கையாலேயே டப்பாவை வாங்கிப் போனார்.

குழாயில் ஒன்றும் முளைக்கவில்லை. இன்னொரு தடவை வாங்கினார். அதிலும் பூச்சியம். பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. தூசியைப் பார்த்தா இத்தனை ஆட்டம் போட்டோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியாய் ஒரு டப்பா கேட்கலாமென்று போனால், வீட்டில் ஒச்சாண்டியின் பொண்டாட்டி ராக்கம்மாள் மட்டும் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, வையாதீக. மொதத் தடவை அவுக டப்பாவை நாந்தான் குப்பையில கொட்டுனேன். காலடி மண்ணெடுத்தே செய்வினை வைக்கிற ஊரு இது. அவுக வயித்துல இருந்து வந்ததை முன்னப்பின்ன தெரியாத ஆளுக கையில குடுப்பனா? எனக்கு ஆனா ஆயிட்டுப் போகுது, அவுகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு…"

"அப்ப அதுல இருந்தது?"

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அட கடவுளே! ஞானதுரைக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒச்சாண்டியைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுசன் அல்லவா, குதிகுதியென்று குதித்தார். அவள் எதற்காக அப்படிச் செய்தாள் என்று கேட்டபிறகுதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். மறுநாள் காலையில் பொண்டாட்டியின் டப்பாவைத் துண்டால் மூடி அவரே சத்திரத்துக்குக் கொண்டுவந்தார்.

முளைத்ததய்யா! கயிறு கயிறாய் முளைத்தது. ஞானதுரை மதராசுக்குத் தந்தியடித்துவிட்டு, சேதி சொல்ல அனுமந்தன்பட்டிக்கு ஓடினார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. புருசன் தின்று எழுந்த வட்டிலில்தான் பொண்டாட்டி தின்பது அங்கே வழக்கம். இங்கேயோ ராக்கம்மாள் கூச்சத்தில் நெளிந்துகொண்டு முதலில் தின்றுகொண்டிருந்தாள். எதிரே ஒச்சாண்டி வட்டிலையே பார்த்தபடி பசியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏ புள்ள, அம்புட்டையும் தின்னுறாத," என்றார். "மிச்சம் வையி. எம் வயித்துக்கும் அது வரட்டும்."

ராக்கம்மாள் பாதிக் களியோடு வட்டிலை அவர் பக்கம் தள்ளினாள்.