அரை டம்ளர்

காலை ஒன்பது மணிக்கு நடக்க வேண்டிய ஆபரேஷன் மதியம் ஒன்றரைக்குத் தள்ளிப்போனதாகத் தகவல் வந்தபோது, அக்காவின் உதடுகள் வெடித்திருந்தன. மார்பில் கட்டி. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.

"நாக்கு ஒட்டிக்குதுடி. ஒரு மடக்கு தண்ணியாவது குடேன்."

அக்கா படுத்திருந்த வார்டிலேயே தங்கை பதினாறு வருடமாக நர்ஸ். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று வேறு இடங்களில் கண்டது இங்கும் சரிதானா என்று இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. நூற்றெண்பது பேருக்குத் தண்ணீர் அளந்து கொடுத்து நேரம் குறித்தவள் அவள்தான். 'டம்ளர் டாக்டர்' என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மயக்க மருந்து டாக்டரின் பெயரில் கட்டுரை வெளிவந்தது. அவரை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். அந்த வாரமே, 'இரவு பத்துக்கு மேல் எதுவும் கூடாது' என்ற பழைய அட்டைகள் கட்டில்களில் மறுபடி தொங்கின.

மணி பத்து. ஒன்றரைக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது. அரை டம்ளர் கொடுத்தாள். கொடுத்ததை ஒளிக்காமல் கேஸ் ஷீட்டில் எழுதினாள்.

தியேட்டர் வாசலில் அதே மயக்க மருந்து டாக்டர் அதைப் படித்தார்.

"யாரு குடுக்கச் சொன்னா?"

"நம்ம ஆய்வுல வந்ததுதானே சார். நீங்க எழுதினதுதான்."

"அது படிக்கிறவங்களுக்கு சிஸ்டர். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கட்டுரையா வந்து பதில் சொல்லும்?" ஷீட்டை மூடினார். "கேன்சல். வேற தேதி குடுங்க."

வேறு தேதி பதினேழு நாள் தள்ளிக் கிடைத்தது. ஸ்ட்ரெச்சரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வரும்போது அக்கா கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"தாகத்துல நான் ஆயிரம் கேப்பேன். நீ ஏண்டி குடுத்த?"

தங்கை ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். தான் செய்தது சரி என்று தெரிந்திருந்ததுதான் நெஞ்சை அதிகம் அறுத்தது. மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. 'இனி இவ்வாறு நடக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாம் நாளும் ஆபரேஷன் மூன்று மணிக்குத் தள்ளிப்போயிற்று. உதட்டையாவது நனைக்கலாமென்று ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு அருகில் போனாள். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த கட்டிலில் காத்திருந்த பெண் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.