வருவார் என்று சொன்னவள்

பிளம்பர் கண்ணை மூடி ஒரு மழைக்காலமே போய்விட்டது. இணையத்துக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? அவர் பெயர், எண், ஸ்பேனரைப் பிடித்தபடி சிரிக்கிற படம், எல்லாம் அப்படியே நிற்கின்றன. தினமும் யாராவது கூப்பிடுவார்கள்.

"சார் இருக்காரா? கிச்சன் குழாய் ஒழுகுது."

"வெளில வேலையா போயிருக்கார். நாளைக்கு வருவார்" என்பாள் மனைவி. சொல்லும்போது அவளுக்கே அது நிஜமாகிவிடும். அவருக்கும் சேர்த்து டீ போடுவாள். பைத்தியக்காரத்தனம்தான். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத்தான் மீதி நாளைத் தள்ளினாள்.

ஒருநாள் மகள் தன் போனை நீட்டினாள். "படிச்சுப் பாரும்மா."

படத்துக்குக் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். 'வருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார்.' 'பேச்சு பெரிசு, வேலை பூஜ்யம்.' 'வீடே மிதந்தது, ஆளைக் காணோம். நம்பாதீர்கள்.'

அடப்பாவிகளா! காய்ச்சலோடு போய்ச் சாக்கடையில் கை விட்ட மனுஷனையா இப்படிச் சொல்கிறீர்கள்? பொங்கிய கோபம் உடனே வடிந்தது. வருவார் என்று சொன்னது யார்? சொன்ன சொல் தவறாதவரைச் செத்தபிறகு பொய்யராக்கியது அவள் வாய்தானே.

"எல்லாத்தையும் எடுத்துடு" என்றாள்.

"எடுத்தா அப்பா படமும் போயிடும். அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. பரவாயில்லையா?"

"அவர் பேர் கெட வேணாம்டி."

மகள் தட்டிக்கொண்டே போனாள். "அப்பா நம்பருக்கே கூப்பிட்டு ஒரு எண் சொல்லுவாங்களாம். அதைப் போட்டாத்தான் அழியும். நீ எடு."

அவர் போன் அடித்தது. எடுத்தால் எண் வரவில்லை. ஒரு பெண்ணின் பதறிய குரல். "அக்கா, அண்ணன் இருக்காரா? பைப் உடைஞ்சு பீச்சியடிக்குது. உடனே வருவாரா?"

வழக்கமான பதில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"வரமாட்டார்மா. அவர் செத்துட்டார். வேற ஆளைப் பாரு. மொதல்ல மெயின் வால்வை மூடு. அவர் இருந்தா அதைத்தான் சொல்லுவார்."

அவர் போன அன்றுகூட அப்படி அழாதவள், போனை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மகள் கட்டிக்கொண்டாள். மறுபடியும் போன் அடித்தது. இந்தமுறை இயந்திரக் குரல். அது சொன்ன எண்ணை, விக்கி விக்கி, ஒவ்வொன்றாக மகளிடம் சொன்னாள்.