யாருடைய வியாழக்கிழமை

ஐம்பத்தெட்டாம் எண் பேருந்து ஹெல்ம்ஸ்லோ மலைச்சாலையில் ஏறி முடிப்பதற்குள் இருபத்திரண்டு இடங்களில் நிற்கும். இருபத்திரண்டு முறையும் முன்கதவு திறக்கும். பிப்ரவரிக் குளிர்காற்று உள்ளே வந்து, ஓட்டுநர் நைஜல் சக்டனின் இடது கன்னத்தில் அறையும். அதனால் கதவுப் பொத்தானை அழுத்தும் முன் அவன் நாக்கை மடித்துக் கடைசிப் பல்லை மூடிக்கொள்வான். ஆகஸ்டிலிருந்து இப்படித்தான்.

அந்தப் பல் எலும்புக்குள் படுத்த வாக்கில் கிடந்தது. வேர் நரம்பை ஒட்டியிருந்ததால் ஊர்ப் பல் மருத்துவர் கை வைக்க மறுத்து, மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். அங்கே அறுவை சிகிச்சைக்கு ஏழெட்டு மாதக் காத்திருப்பு. இரண்டு முறை சீழ் பிடித்து, இரண்டு முறை மாத்திரையில் அடங்கியது. வலுவான வலி மாத்திரை போட்டால் பேருந்து ஓட்டக்கூடாது. சாதாரண மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டான். கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். தலைக்கு மூன்று தலையணை. படுக்கும்போது, உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொள்வான்.

"அந்தப் பட்டாணியை இனிமே யாரும் திங்க முடியாது. என்னைவிட அதுகூடத்தான் நீ அதிகம் படுத்திருக்கே" என்பாள் மனைவி ஜூலி.

வெளியே யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "குறை சொல்ல ஒண்ணுமில்லை" என்பான். அந்த ஊரில் எல்லோரும் சொல்வது அதுதான். மனைவியைப் புதைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வருபவரும் அதையே சொல்வார்.

உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தாள். லொரெய்ன். ஐந்தாவது நிறுத்தத்தில் ஏறி, சந்தைத் தெருவில் இருக்கும் ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். அக்டோபரில் ஒருநாள் பயண அட்டையைக் காட்டும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"கிராம்பு வாசனை. உங்களுக்குமா?"

"கீழே, கடைசிப் பல்லு. உங்களுக்கு?"

"அதேதான். அதே ஆஸ்பத்திரி. ஜூலை கடைசியில எழுதிக் கொடுத்தாங்க."

"அப்போ எனக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிக்கிறீங்க."

"முன்னாடி நின்னு என்ன கண்ணு, நாள் பூரா பஃப்ஸ் விக்கிறேன். ஒண்ணைக் கடிச்சுப் பார்த்து மூணு மாசமாச்சு. திங்கறவங்க வாயையே பார்த்துட்டு நிக்கிறேன், நாய் மாதிரி."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு பழக்கம் வந்தது. அவள் ஏறும்போது அவன் புருவத்தை உயர்த்துவான். பத்துக்கு எத்தனை வலி என்று அவள் விரலில் காட்டுவாள். அவனும் காட்டுவான். ஆறு. ஏழு. நல்ல நாள் என்றால் ஐந்து. அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

ஜனவரியில் மருத்துவமனையின் பதிவுப் பிரிவிலிருந்து, வரிசையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தொலைபேசியில் பேசி, வலி எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னீங்க?" என்று நைஜல் மறுநாள் கேட்டான்.

"நாலு."

"நேத்து எனக்கு எட்டு காட்டினீங்களே?"

"அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பேசுச்சு. அதுகிட்டப் போயி எட்டுன்னு சொல்ல ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. என்னைவிட மோசமா யாராவது இருப்பாங்கல்ல? சரி, நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் இருவருக்கும் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிவுப் பிரிவில்தான் ஜூலியின் தங்கை ட்ரேசி வேலை பார்த்தாள். ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், நைஜல் தன் தட்டிலிருந்த இறைச்சியைத் தொடாமல் உருளைக்கிழங்கைக் குழம்பில் கரைத்துக் குடிப்பதைப் பார்த்தாள்.

"என்ன இது, குழந்தைக்கு ஊட்டற மாதிரி? என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றான் நைஜல்.

"வரிசையை எழுதறவளே நான்தான்" என்றாள் ட்ரேசி. ஜூலி அவளுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நைஜல் மறுபடியும் உருளைக்கிழங்கைக் கரைக்கத் தொடங்கினான்.

அடுத்த புதன்கிழமை காலை லொரெய்ன் ஏறியபோது கழுத்துத் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். துண்டுக்குள் தாடை ஒரு பக்கம் பெரிதாக இருந்தது. கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஒன்பது விரல் காட்டினாள். அவள் ஒன்பது காட்டியது அதுவே முதல் முறை. அவன் ஏழு காட்டினான். அவள் தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மதியம் பணிமனையில் அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ட்ரேசி அழைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஒருத்தர் வரலைன்னு சொல்லிட்டார். ஒன்பது மணி. ஒரு இடம் காலி. வர்றியா?"

"எனக்கு முன்னாடி ஆளுங்க இருப்பாங்களே."

"பதினோரு பேரு. முதல்ல ஒரு ரொட்டிக் கடைக்காரி. அவ நாலுன்னு சொல்லியிருக்கா. நாலெல்லாம் ஒரு வலியா? மத்தவங்களும் மூணு, அஞ்சுன்னுதான். உன் பேருக்கு நேரா மூணு இருந்துச்சு. ஒன்பதாக்கிட்டேன்."

நைஜல் கரண்டியைக் கீழே வைத்தான். அந்த நாலு பொய் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அந்த நேரம் சந்தைத் தெருவில் நின்று ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். இன்னொருவன் அவன். 'அவளுக்கு ஒன்பது, இன்னைக்குக் காலையில நானே பார்த்தேன், அவளைக் கூப்பிடு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறான். நிறுத்தத்தில் வரிசையை முந்தி ஏறியவர்களை இறக்கி, கடைசியில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறான். அதற்காகவே அவனைச் சிலருக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது.

பல் ஒருமுறை விண்ணென்று தெறித்தது.

"எத்தனை மணிக்கு வரணும்னு சொன்னே?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை காலை நாற்பது நிமிடத்தில் பல் மூன்று துண்டுகளாக வெளியே வந்தது. வலது பக்கமும் அதேபோல ஒரு பல் படுத்திருக்கிறது, ஓர் ஆண்டுக்குள் அதையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அவன் பத்து நாள் விடுப்பில் இருந்தான். நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. ஆறாம் நாள் ஒரே தலையணையில் தூங்கினான். ஜூலி பட்டாணிப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரொட்டிக் கடைப் பக்கம் போக வேண்டாம் என்று, சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, ஐந்தாவது நிறுத்தத்துக்கு முன்பே அவன் வேகத்தைக் குறைத்தான். புருவத்தை உயர்த்தினால் அவள் விரல் காட்டுவாள். தான் எத்தனை காட்டுவது?

லொரெய்ன் நிறுத்தத்தில் இல்லை. அவனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். செவ்வாயும் இல்லை. புதன்கிழமை, எப்போதும் முன் இருக்கையில் உட்காரும் ஸ்டான்லி என்ற ஓய்வுபெற்ற தபால்காரரிடம் கேட்டான்.

"நம்ம ரொட்டிக் கடை லொரெய்னைக் காணோமே?"

"உனக்குத் தெரியாதா? பல்லு விஷம் கழுத்துக்கு இறங்கிடுச்சாம். மூச்சு வரலை. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. கழுத்தைக் கீறி, குழாய் போட்டு, அஞ்சு நாள் பிழைக்குமா பிழைக்காதான்னு கிடந்துச்சு."

"எப்போ?"

"நீ விடுப்புல போனேல்ல, அதுக்கு மறுநாள். வெள்ளிக்கிழமை."

வியாழனுக்கு அடுத்தது வெள்ளி. இதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த நிறுத்தத்தில் நைஜல் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது. காற்று அவன் இடது கன்னத்தில் வந்து மோதியது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அவனுக்கு முகமெல்லாம் சுட்டது.

வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். கடையில் இரண்டு கிண்ணம் கஸ்டர்ட் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான். லொரெய்ன் மூன்றாம் மாடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே வெள்ளைக் கட்டு. அவனைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. புருவத்தை உயர்த்தினாள்.

அவன் கையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுமில்லை" என்றான். "பல்லு எடுத்தாச்சு."

"அட." குரல் மண்ணில் இழுத்த தகரம்போல வந்தது. "நல்லதாப் போச்சு. எப்போ கண்ணு?"

"உங்களை இங்க கொண்டு வந்ததுக்கு முந்தின நாள்."

அவள் சிரித்த முகம் அப்படியே இருந்தது. அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரியாமலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நைஜல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அது உங்க இடம். என் மச்சினி கீழே பதிவுல இருக்கா. முதல்ல ரொட்டிக் கடைக்காரின்னு சொன்னா. நாலுன்னு எழுதியிருக்குன்னு சொன்னா. அன்னைக்குக் காலையில நீங்க ஒன்பது காட்டினதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறக்கலை."

லொரெய்ன் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"நாலுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள் கடைசியில்.

"நானும் மூணுன்னுதான் சொன்னேன். என் மூணை ஒன்பதாக்க எனக்கு ஒரு ஆள் இருந்துச்சு. உங்க நாலு நாலாவே கிடந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"என் பொண்ணு இந்த நாற்காலியில அஞ்சு நாள் உக்காந்திருந்தா. ஏழு மாசக் கர்ப்பம்." அவள் மூச்சு வாங்கினாள். "பரவாயில்லைன்னு சொல்ல வாய் வருது. அம்பது வருஷமா எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லியிருக்கேன். இப்போ சொல்ல மாட்டேன். இது பரவாயில்லைன்னு விடற விஷயம் இல்லை, நைஜல்."

"இல்லைதான்" என்றான் அவன்.

"போயிட்டு வாங்க. கஸ்டர்டை வெச்சுட்டுப் போங்க."

அவன் எழுந்தான். மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்திருந்தான். அதைக் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

பதிவுப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. ட்ரேசி அவனைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். வலது பக்கத்துக்கும் கடிதம் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை ஒரு இடம் காலி. வலி பெரிசாகறதுக்குள்ள முடிச்சுடலாம்."

"அந்த ரொட்டிக் கடைக்காரி மூணாவது மாடியில கிடக்கறா."

ட்ரேசியின் கை விசைப்பலகையில் நின்றது. "எனக்கு எப்படித் தெரியும்? நாலுன்னு சொன்னவ..."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால இது உன் தப்பைவிட என் தப்பு." அவன் குரலைத் தாழ்த்தினான். "என் பேருக்கு எதிரே இருக்கற ஒன்பதை இப்பவே அழி. நடந்ததை இன்னைக்கே உன் மேலதிகாரிகிட்ட சொல்லு. திங்கட்கிழமை நானும் வந்து சொல்வேன்."

"என் வேலை போயிடும், நைஜல்."

"போகலாம். அவளுக்கு உயிரே போயிருக்கும்."

ட்ரேசி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "குடும்பத்துக்கு உதவி பண்ணினது குத்தமா? இடம் காலியாத்தானே இருந்துச்சு?"

"காலி இடம்னு ஒண்ணு கிடையாது, ட்ரேசி. அதுக்குப் பின்னாடி ஒருத்தர் எப்பவும் நிக்கறாங்க. அவங்க முகம் நமக்குத் தெரியலைங்கறதால காலின்னு சொல்லிக்கறோம். எனக்கு முகமும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஏறி உக்காந்தேன். ஆள் வெச்சு முன்னாடி போறவன், முன்னாடி நிக்கறவனைத் தள்ளிட்டுத்தான் போறான். மெதுவாத் தள்ளினாலும் அது தள்ளறதுதான்."

அவள் திரையைப் பார்த்தாள். அவன் பெயரின் எதிரே இருந்த எண்ணை அழித்தாள்.

"செவ்வாய்க்கிழமைக்கு வரிசையில அடுத்து யாரு?" என்று கேட்டான்.

"ஹோல்ராய்ட்னு ஒருத்தர். ஆனா அவரும் ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கார்."

"போன் பண்ணு. பரவாயில்லைன்னு சொன்னா, இன்னொரு தடவை கேளு. நம்ம ஊர்ல முதல் தடவை யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க."

ட்ரேசி எண்களை அழுத்தினாள். அந்த மனிதருக்குக் காது மந்தம்போல, பேசியது மேசைக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ஒண்ணும் பெரிசா இல்லை, குறை சொல்ல ஒண்ணுமில்லை, மோசமா இருக்கறவங்களை முதல்ல பாருங்க என்றார்.

ட்ரேசி நைஜலைப் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, மறுபடியும் கேக்கறேன். நீங்க கூச்சப்பட வேண்டாம். உண்மையிலேயே எத்தனை வலி?"

இந்த முறை அந்தக் குரல் முன்னைவிடச் சின்னதாக வந்தது.

"தூங்கிப் பதினோரு நாளாச்சும்மா."

"செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வாங்க" என்றாள் ட்ரேசி. "அது உங்க இடம்தான்."