பசை விட்டால் சம்பந்தம் இல்லை

கணபதி என்ற ஊரில் போல்ட்டு, நட்டு, இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி வைத்திருந்த பாலுசாமிக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். மரை போட்டு முடுக்குகிறவர்கள் ஒரு வகை. ஒட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நாற்காலி போடச் சொல்வார். இரண்டாம் வகைக்கு வாசலோடு சரி.

அப்பேர்ப்பட்டவரின் மகள் நந்திதா, தன்னோடு கல்லூரியில் படித்த தீபக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். தீபக்கின் தொழில், மரத்தில் துளை போட்டு, எப்பாக்சி பசை ஊற்றி, இரும்புக் கம்பியைச் செருகி ஒட்டுவது.

"போஸ்டர் ஒட்டறவன் பசையையாச்சும் கழுதை திங்கும். இவன் பசைய அதுகூட மோந்து பாக்காது" என்றார் பாலுசாமி.

மனைவி பொன்னாத்தாள் மசியவில்லை. கடைசியில், வெள்ளகோவிலுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது, குறை ஒன்றும் இல்லையென்றால் சம்மதிப்பது என்று முடிவாயிற்று. பாலுசாமி சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டார். கைலாசத்துக்கே போனாலும் குளிர் ஜாஸ்தி என்று திரும்பி வரக்கூடியவர் அவர்.

தொண்ணூற்று நான்காம் வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அம்பாசிடரில் பாலுசாமி உட்கார்ந்த பக்கம் வண்டி சாய்ந்ததில், மறுபக்கத்து டயர்கள் பல்லடம் தாண்டும் வரை ரோட்டைத் தொடவில்லை. அந்த இரண்டு டயரும் இன்றைக்கும் புதுசாகவே இருக்கின்றன.

தீபக்கின் அப்பா குமாரசாமி கைகூப்பினார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிங்க."

மோர் புளிக்கவில்லை. ஓடு ஒழுகிய தடம் இல்லை. கிணற்றில் தண்ணீர்கூட இருந்தது. பாலுசாமி சோர்ந்துபோன நேரத்தில்தான் கூடத்து ஊஞ்சல் கண்ணில் பட்டது. விரல் தண்டிகூட இல்லாத நான்கு கம்பிகள் நேரே வேங்கை உத்திரத்துக்குள் போயிருந்தன. கொக்கி இல்லை, வளையம் இல்லை. நட்டு? தேடித் தேடிப் பார்த்தார். அதுவும் இல்லை.

"ஏனுங்க, இது எதுல நிக்குது?"

"பசையிலதானுங்க" என்றார் குமாரசாமி.

"உத்திரத்தைத் தூக்கறதுக்கு முன்னாடியே தலைகீழாப் போட்டு, ஒரு சாண் ஆழம் துளை போட்டு ஒட்டினதுங்க மாமா" என்றான் தீபக்.

"பொறுங்க தம்பி. நான் இன்னும் மாமா ஆகலை." பாலுசாமி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "இதுல நான் உக்கார்றேன். பசை உட்டுதுன்னா சம்மந்தம் இல்லை. உடலீன்னா இங்கயே வெத்தல பாக்கு மாத்திக்கலாமுங்க."

"சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் பொன்னாத்தாள்.

பாலுசாமி உட்கார்ந்தார். உத்திரம் 'ம்' என்றது. வீட்டு நாய் எழுந்து வெளியே போயிற்று. பசை விடும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவுசெய்து, மேஜைமேல் தட்டில் இருந்த ஒப்புட்டுப் போளியை ஒவ்வொன்றாக எடுத்தபடி அவர் பேச ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, நாளைக்கு எம்பொண்ணு கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, அதையும் பசை தடவித்தான் ஒட்டி வெப்பீங்களோ?"

தீபக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். எதிரே நாற்காலியில் இருந்த குமாரசாமியின் முகம் கொஞ்சம் மேலே போனது. மரியாதைக்கு எழுந்திருக்கிறார் என்று பாலுசாமி நினைத்தார்.

"பரவால்ல, உக்காருங்க."

"உக்காந்துதானுங்க இருக்கறேன்."

நல்ல அடக்கம் என்று எண்ணிக்கொண்டு பாலுசாமி பேச்சைத் தொடர்ந்தார். மேஜை உயர்ந்தது. ஜன்னல் உயர்ந்தது. சுவரில் இருந்த சென்னிமலை முருகன் காலண்டரும் மெல்ல எழுந்தது. சாமியே எழுந்திருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கடைசி ஒப்புட்டுக்குக் கையை நீட்டியபோது தட்டு எட்டவில்லை. பலகை தரையைத் தொட்டிருந்தது.

"பாத்தீங்களா! உட்டுப்போச்சு!" பாலுசாமி கை தட்டினார். "வண்டிய எடுக்கச் சொல்லு பொன்னாத்தா!"

தீபக் ஸ்டூலில் ஏறி உத்திரத்தைத் தடவிப் பார்த்தான். "பசை உடலீங்க. மரமும் விரியலை. கம்பிதான் நீண்டிருக்குதுங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நான்கு கம்பிகளும் வெல்லப்பாகு இழுத்த மாதிரி மெலிந்து நின்றன.

"இதெல்லாம் ஒரு இரும்பா?" பாலுசாமி தரையில் இருந்தபடியே குதித்தார். "ஜவ்வு மிட்டாய்! எந்தக் களவாணி இதைக் கம்பின்னு வித்தான்? அவன் கடைய இழுத்துச் சாத்தோணும்!"

"கணபதியில வாங்கினதுங்க" என்றான் தீபக். "உங்க கம்பெனிதானுங்க."

போன நாய் வாசற்படியில் திரும்பி வந்து நின்றது.

தீபக் ஸ்டூலை விட்டு இறங்கினான். "மரமும் பசையும் சொல்லாமக் கொள்ளாம உட்டுருமுங்க. கம்பி நீண்டு காட்டும். அதனாலதான் அது ரெண்டும் தாங்கறதைவிடக் கொறைச்சலாத் தாங்கற கம்பியாப் பாத்துப் போட்டோம். உங்க கம்பி உங்களைக் கீழ போடலீங்களே. எறக்கியில்ல வெச்சிருக்குது."

பாலுசாமி யோசித்தார். நெற்றியை மேலும் கீழும் இழுத்து யோசித்தார்.

"அதானே!" என்றார். "கம்பின்னா மரியாதை தெரியோணும். வேற எவன் கம்பியாச்சும் இருந்திருந்தா இந்நேரம் என் இடுப்பு என்ன ஆயிருக்கும்?"

பொன்னாத்தாள் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். "பசை உடலை. மாத்துங்க."

குமாரசாமி நாற்காலியை விட்டுக் கீழே வந்து எதிரே உட்கார்ந்தார். தட்டு கை மாறியது. அதன்பிறகு பாலுசாமி எழுந்திருக்கப் பார்த்தார். குமாரசாமி ஒரு கையையும் டிரைவர் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். இழுத்தவர்கள்தான் உட்கார்ந்தார்கள்.

பாலுசாமி தீபக்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள, தூக்கி உடறதுக்கு உங்க பசையில ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"