இடைவேளை இல்லாத படம்

பெண் பார்ப்பதைத் தியேட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதே சந்திரலேகாதான். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனால் தெருவே வேடிக்கை பார்க்கும். கள்ளக்குறிச்சிக்குப் போய், எதேச்சையாகச் சந்தித்த மாதிரி ஒரு படம் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். மகளின் புத்தி கொளஞ்சியப்பனுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பாவம், மனுஷனுக்கு உள்விஷயம் தெரியாது.

உள்விஷயம் இதுதான். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சந்திரலேகா மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். அழுகிற குழந்தைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா ஆயம்மாளோ, "கல்யாணத்துக்கப்பறம் வேலைக்குலாம் அனுப்ப மாட்டோம்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். அதற்கும் அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். இவள் வேண்டாம் என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்ததை வீட்டில் யாரும் சட்டை செய்யவில்லை.

மாப்பிள்ளையே பெண் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துபோகும். அதை அவனிடம் கேட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். பெரிய நடிகர் படம். வெடியும் விசிலுமாகத் தியேட்டரே அதிரும். பக்கத்துச் சீட்டுக்காரன் காதில் சொன்னால் பிரம்மாவுக்கும் கேட்காது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கொடுமையைப் பாருங்கள், அந்தப் படம் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை. வெளிநாட்டில் விருது வாங்கியது என்று வேறொன்றைப் போட்டிருந்தார்கள். "நல்ல காரியத்துக்கு வந்துட்டுத் திரும்பக் கூடாதுங்க. இன்னா படமா இருந்தா இன்னா?" என்று ஆயம்மாள் முன்னால் நடந்தாள்.

சந்திரலேகாவுக்கு இடப்பக்கம் ஆயம்மாள், வலப்பக்கம் மாப்பிள்ளை இளமாறன், பின் சீட்டில் அப்பா. நல்ல காரியத்தில் போன் எதற்கு என்று அவளுடையதையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படம் தொடங்கியது. கல்வராயன் மலையில் எடுத்ததாம். சாமைக் காட்டு ஓரத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே இருந்தார். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, காற்றுச் சத்தம்கூடப் போனால் போகிறதென்று எப்போதாவது வந்தது. பிறகு ஒரு மாடு வந்தது. "எவ்ளோ நேரமா அசைபோட்டுக்கினே இருக்குது" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

சந்திரலேகா வலப்பக்கம் மெல்லச் சாய்ந்தாள். "ஏங்க..." என்று இளமாறன் பக்கம் மூச்சாகத்தான் விட்டாள்.

"இன்னாம்மா, தண்ணி வேணுமா?" என்றாள் ஆயம்மாள். பின்னாலிருந்து அப்பாவின் கை பாட்டிலை நீட்டியது. வேண்டாத தண்ணீரைக் குடித்துத் தொலைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இருமலோடு இருமலாகச் சொல்லிப் பார்த்தாள். இளமாறன் நல்ல பிள்ளையாக மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, இடைவேளையில் பிடித்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். டார்ச்சோடு வந்த ஆளிடம் அப்பா எதையோ கேட்டுவிட்டு முன்னால் குனிந்தார். "இந்தப் படத்துக்கு இன்டர்வெல்லே இல்லியாம்."

"அய்ய, இன்டர்வெல்ல பூ வச்சிடலாம்னு இருந்தேனே. பதினொன்னே முக்காலோட நல்ல நேரம் முடியுதுங்களே" என்றாள் ஆயம்மாள்.

"அதுக்கின்னா, இங்கியே வச்சிடுங்க" என்றார் அப்பா.

பை திறக்கும் சத்தம் கேட்டது. மல்லிகை வாசனை வந்தது. பூ வைத்தாயிற்று என்றால் பேசி முடித்தாயிற்று, அப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. எழுந்து ஓடலாம் என்றால் இரண்டு பக்கமும் முழங்கால்கள். அந்த நேரம் பார்த்துத் திரையும் இருண்டுபோய், இருந்த சத்தமும் நின்றது. ஆயம்மாளின் விரல்கள் இருட்டில் அவள் பின்னலைத் தேடிப் பிடித்தன.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

மெதுவாகச் சொல்ல நினைத்தாள். வந்த குரலோ தியேட்டர் முழுக்க.

"அப்பாடா! ஒருவழியா வாயத் தொறந்தாங்கப்பா!" என்று எவனோ கத்தினான். விசில் பறந்தது. படத்தில் வந்த வசனம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆயம்மாளும்தான். "எந்தப் பொண்ணோ பாவம், அதுக்கு இன்னா கஷ்டமோ" என்றபடியே ஹேர்பின்னைப் பல்லால் விரித்தாள்.

திரை வெளுத்தது. அதே கிழவர், அதே மாடு. பெண் என்று ஒருத்தியும் இல்லை. இளமாறன் திரும்பி இவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி மாட்டையே பார்த்தான். அப்பாவுக்கா தெரியாது? இருபத்து நாலு வருஷமாகக் கேட்கிற குரல். சந்திரலேகா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"படத்துலதாங்க" என்றார் அவர், ஆயம்மாளிடம். "நீங்க வையுங்க."

மற்ற எல்லாவற்றையும் பொறுத்தவளுக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. பின்னலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "யாரும்மா அது, மறைக்குது, உக்காரு!" என்று பின்னால் சத்தம் போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"படத்துல ஒருத்தரும் பேசலங்க" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "பேசுனது நான்."