பொறிவண்டுக்கு எத்தனை புள்ளி

முன்பள்ளியின் வாட்ஸ்அப் குறூப்பில் ஆசிரியை சுலோஜனா எழுதியது ஒரே ஒரு வரிதான். முட்டைத் தட்டில் ஒரு குழியை வெட்டி, நிறம் பூசாமல், வெறுமனே பிள்ளையிடம் கொடுத்துவிடவும். அந்த வரியை இத்தனை பெற்றோர் இத்தனை விதமாக விளங்கிக்கொள்வார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

காலையில் கப்பல்துறை முன்பள்ளிக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் செய்து முடித்த பூச்சிகள். ஒன்றின் முதுகில் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு பளபளத்தது. இன்னொன்றுக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் பல்ப் மின்னி மின்னி அணைந்தது. ஒரு தகப்பன் டவுனில் பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சியே வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தார், விலைத் துண்டைக்கூடக் கிழிக்காமல். எல்லாவற்றிலும் அழகு கம்ஷிகாவின் பொறிவண்டுதான். சிவப்பு முதுகு, சரிகைக் கரை, அச்சில் வார்த்தது போன்ற புள்ளிகள்.

“நான்தான் டீச்சர் செய்தனான்,” என்றாள் தாய் நிவேதிகா. “வடிவா இருக்குதா?”

“வடிவாத்தான் இருக்கு. ஆனா நீங்கள் செய்து நான் என்ன செய்ய? புள்ளி ஒட்டி எண்ணவேண்டியது பிள்ளை எல்லோ.”

“அவளுக்கு எண்ணத் தெரியும் டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?”

சுலோஜனாவால் அதை மறுக்க முடியவில்லை. வகுப்பில் கேட்ட எந்தக் கேள்விக்கும் கம்ஷிகா பிழையாகச் சொன்னதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சுலோஜனாவே அவளை உதாரணம் காட்டியிருக்கிறாள்.

சுலோஜனா நினைத்திருந்தது சின்ன வேலை. பிள்ளை ஓர் எண் அட்டையை எடுக்கும். மூன்று வந்தால் வண்டின் ஒரு பக்கச் சிறகில் மூன்று புள்ளி, மற்றச் செட்டையில் மூன்று. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். இதற்காகக் கறுப்புக் கடதாசியில் புள்ளி வெட்டி வெட்டியே அவள் விரல் தடித்துப்போயிருந்தது. இப்போது ஒட்டுவதற்கு வெறும் முதுகு ஒன்றுகூட இல்லை.

வந்த பூச்சிகளை அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். தாய்மாரை வீட்டுக்குப் போகச் சொன்னாள். பக்கத்துக் கடைக்குப் போய் முட்டைத் தட்டு ஒன்று கேட்டாள். கடைக்கார ஹிஸ்புல்லா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“தட்டத் திருப்பிக் குடுத்தாத்தான் முட்டைக்காரன் அடுத்த முட்டை தருவான், டீச்சர். பிறகு கொண்டுவந்து தருவீங்களா?”

“துண்டு துண்டா வெட்டப்போறன், ஹிஸ்புல்லா நானா. எப்பிடித் தாறது?”

பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டுத் தந்தார்.

வகுப்பில் பசை திறந்ததுதான் தாமதம். ஒருத்தி பசையைத் தலையில் தடவினாள். இன்னொருவன் புள்ளிகளைப் பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டி, சரியாக ஐந்தென்று எண்ணியும் சொன்னான். அவனை ஏசுவதா மெச்சுவதா என்று சுலோஜனாவுக்குப் புரியவில்லை. “நீங்கள் பாருங்கோ,” என்று உதவி ஆசிரியை றுஷ்தாவிடம் விட்டுவிட்டுக் கம்ஷிகாவிடம் வந்தாள்.

கம்ஷிகா எடுத்திருந்த அட்டை நான்கு. ஒரு புள்ளியை ஒட்டினாள். தலையை உயர்த்தி யன்னலைப் பார்த்தாள். இன்னொன்றை ஒட்டினாள். மறுபடியும் யன்னல்.

சுலோஜனா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போயிருக்கவேண்டிய நிவேதிகா வெளியே நின்று, நான்கு விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் சொன்ன சரியான பதில்கள் எல்லாம் அந்த விரல்களிலிருந்துதான் வந்தனவா? சுலோஜனாவுக்கு முகம் சூடேறியது. தாயின்மீது எவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு தன்மீதும் வந்தது. போய் யன்னலை இழுத்துச் சாத்தினாள். அறை உடனே வெக்கையாகியது.

கம்ஷிகாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் கண்ணில் பட்ட புள்ளிகளையெல்லாம் எடுத்து, இடைவெளி விடாமல் செட்டை முழுக்க ஒட்டத் தொடங்கினாள்.

“எத்தனை புள்ளி பிள்ளை?”

“கன.”

“கன எண்டால்? நிறைய எண்டால் எத்தனை?”

கம்ஷிகா இன்னுமொரு புள்ளியை எடுத்தாள். சுலோஜனா நிலத்தில் சப்பாணி கட்டி அமர்ந்து, புதிய குழி ஒன்றை எடுத்து வைத்தாள். “சரி, அதை விடுவம். இதில ஒண்டே ஒண்டு ஒட்டுங்கோ.”

கம்ஷிகா ஒன்றை ஒட்டினாள். மற்றச் செட்டையிலும் ஒன்று. இரண்டையும் தொட்டு எண்ணுவதற்குள் மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

பள்ளி விட்டதும் நிவேதிகா வந்தாள். “யன்னலைச் சாத்தினதால பயந்திட்டாள் டீச்சர். அவளுக்குத் தெரியும்.”

“தெரியாது நிவேதிகா. நாலு வயதில தெரியாமல் இருக்கிறது குற்றமில்லை. நீங்கள் விரல் காட்டினால் எனக்கு அது எப்பிடி விளங்கும்?”

“பிழையாச் சொன்னால் மற்றதுகள் சிரிக்குங்கள் தானே.”

“சிரிக்கட்டும். அதுகளும் பிழைதான் சொல்லுறதுகள்.”

நிவேதிகா மகளின் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தபடி நின்றாள். அடுத்த நாள் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்; சுலோஜனா கையைக் காட்டி விரட்டவேண்டியிருந்தது.

அன்று கம்ஷிகா இரண்டும் இரண்டும் ஐந்து என்று உரத்துச் சொன்னாள்.

“பிழை,” என்றாள் சுலோஜனா. “தொட்டு எண்ணுங்கோ.”

கம்ஷிகா குனிந்து, ஒவ்வொரு புள்ளியிலும் விரலை வைத்து எண்ணினாள். இந்த முறை மூன்று வந்தது. சுலோஜனா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“இன்னொருக்கா.”